கைவேலைக்கு மரியாதை தேடித் தந்த கமலாதேவி அம்மா

நம்ம ஆண்டு விழா மலருக்கு, சாதனை செய்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுதித் தரணும்னு குழுவுக்கு ஒருத்தரைக் கேட்டாங்க. எங்க குழுவுல நான் பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன், கையெழுத்தும் பார்க்கிற மாதிரி இருக்கும். அதனால ஊக்குநர் அக்கா இந்தப் பொறுப்பை என் தலையில கட்டிட்டாங்க. மத்த குழுக்காரங்க ஜான்சி ராணி, அன்னை தெரசான்னு பெயர் கொடுத்துட்டாங்க. நான் கமலாதேவி சட்டோபாத்யாயா பெயரைக் கொடுத்தேன். வடக்க எல்லோருக்கும் தெரிஞ்ச பெயர்தான். நம்ம பக்கத்துல கொஞ்சம் புதுசு. பெயரை எழுதிக்கவே கணக்காளர் பொண்ணு மூணு தடவை திருப்பிக் கேட்டுச்சு.

ஏன் இந்தப் பெயரைக் கொடுத்தேன்னு முதல்ல சொல்லிடுறேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரே கைவேலை குரோஷா. ஒரு கொக்கி ஊசியும் நூல்கண்டும் இருந்தா போதும். கல்யாணத்துக்கு முன்னாடி பக்கத்து வீட்டு அத்தைகிட்ட உட்கார்ந்து கத்துக்கிட்டது. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வியாபாரி பெரிய மேஜை விரிப்பு ஒண்ணு பின்னித் தரச் சொன்னார். நடுவுல தாமரை, சுத்தி அன்னாசிப்பழ டிசைன். நூல் அவரோடது, கை என்னோடது. பகல்ல வீட்டு வேலை, ராத்திரி பின்னல்னு இருபத்திரண்டு நாள் ஆச்சு. கூலி 400 ரூபாய். வாங்கிக்கிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு கண்காட்சியில அந்த விரிப்புக்கு முதல் பரிசு கிடைச்சுது. மேடையேறி வாங்கினது அந்த வியாபாரி. போன்ல வந்த போட்டோவைப் பார்த்துட்டு என் மக, அம்மா இது நீ பின்னினது தானேன்னு கேட்டா. ஆமா, என்னோடதுதான். ஒரு மூலையில ஒரு இதழ் கூடுதலா விழுந்திருக்கும். அவளுக்குக் காய்ச்சல் அடிச்ச ராத்திரி எண்ணிக்கை தப்பினது அது. அந்த இதழ் போட்டோவுல நல்லாத் தெரிஞ்சுது. ஆனா பக்கத்துல வெச்சிருந்த அட்டையில என் பெயர் இல்லை. கூலி வாங்கிட்டே இல்ல, அப்புறம் என்னன்னு வீட்டுக்காரர் கேட்டார். அதுவும் நியாயம்தானேன்னு வாயை மூடிக்கிட்டேன். ஆனா மனசு ஆறல.

போன வருஷம் கைவினைப் பயிற்சிக்கு வந்த டீச்சர்கிட்ட ஒருநாள் டீ குடிக்கிற நேரத்துல இதைச் சொன்னேன். அவங்கதான் கமலாதேவி அம்மாவைப் பற்றி முதல்ல சொன்னவங்க. அதுக்கப்புறம் ஊர்ப்புற நூலகத்துல கேட்டும், மக போன்ல தேடிப் படிச்சுக் காட்டியும் தெரிஞ்சுக்கிட்டதை இங்க எழுதுறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

அம்மா எடுத்த முடிவு

கமலாதேவி 1903-ம் ஆண்டு ஏப்ரல் 3-ம் தேதி மங்களூரில் பிறந்தார். அப்போ மங்களூர் நம்ம சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். அப்பா அனந்தய்யா தாரேஷ்வர் கலெக்டர் வேலை பார்த்தவர். அம்மா கிரிஜாபாய், நிலபுலன் உள்ள குடும்பத்துப் பெண். வீட்டுக்குப் பெரிய பெரிய தலைவர்கள் வந்து போவாங்க. வசதிக்குக் குறைவில்லை.

ஆனா கமலாதேவிக்கு ஏழு வயசு இருக்கும்போது அப்பா இறந்துட்டார். உயில் எழுதி வைக்கல. அந்தக் காலத்துச் சட்டப்படி சொத்து முழுக்க அப்பாவோட மூத்த தாரத்து மகனுக்குப் போயிடுச்சு. பொண்டாட்டிக்கும் பெண் பிள்ளைகளுக்கும் மாசாமாசம் செலவுக்குக் கொஞ்சம் பணம் தருவாங்க, அவ்வளவுதான். கிரிஜாபாய் அந்தப் பணம் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. தன் பிறந்த வீட்டுச் சீராக வந்த சொத்தை வெச்சே பிள்ளைகளை வளர்த்தாங்க.

இதைப் படிச்சப்போ எனக்கு நம்ம குழுவுல எத்தனையோ பேர் ஞாபகம் வந்தாங்க. புருஷன் போனதும் மாமியார் வீட்டு வாசல்ல கையேந்தி நின்னவங்க நம்மகிட்டயும் இருக்காங்க. பெண் பிள்ளைக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு சட்டம் நம்ம தமிழ்நாட்டுல 1989-லயும் நாடு முழுக்க 2005-லயும்தான் வந்துச்சு. அந்த ஏழு வயசுப் பிள்ளை, பெண்ணுக்குத் தன் கையில ஒரு வருமானம் இல்லாட்டி என்ன ஆகும்கிறதை அன்னைக்கே பார்த்துடுச்சு.

பதினாறு வயசுல விதவை

1917-ல, பதினாலு வயசுல கமலாதேவிக்குக் கல்யாணம் பண்ணி வெச்சாங்க. ரெண்டே வருஷத்துல கணவர் கிருஷ்ண ராவ் இறந்துட்டார். அந்தக் காலத்துல விதவைன்னா என்ன கதின்னு நான் சொல்லத் தேவையில்லை. நம்ம பாட்டிமாரைக் கேட்டாலே தெரியும். ஆனா கமலாதேவி மூலையில உட்காரல. சென்னைக்கு வந்து, மெரினா கடற்கரை எதிர்ல இருக்கிற ராணி மேரி கல்லூரியில சேர்ந்து படிச்சார். கூடப் படிச்ச தோழி சுகாசினி. அவங்க அக்காதான் கவிக்குயில் சரோஜினி நாயுடு. அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயா கவிஞர், நாடகக்காரர். அவரைக் கமலாதேவி கல்யாணம் செய்துகிட்டார்.

விதவை மறுமணம், அதுவும் வேற மொழி, வேற சாதி. ஊர் என்ன பேசியிருக்கும்! கமலாதேவி காதுல போட்டுக்கல. ராமான்னு ஒரு மகன் பிறந்தார். ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் போட்டாங்க. நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடை ஏறவே கூடாதுன்னு இருந்த காலத்துல இவங்க நடிச்சாங்க, பின்னாடி சினிமாவுலயும் நடிச்சாங்க. லண்டன் போய் பெட்ஃபோர்ட் கல்லூரியில சமூகவியல் படிச்சாங்க. அந்தத் திருமண வாழ்க்கையும் கடைசி வரைக்கும் நிலைக்கல. ஒத்து வராதுன்னு தெரிஞ்சதும் சட்டப்படி பிரிஞ்சு, மகனோட தன் வழியில நடந்தாங்க.

தேர்தலும் உப்பும்

1926-ல சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் பெண்களும் தேர்தல்ல நிக்கலாம்னு முதல் முறையா அனுமதி வந்துச்சு. பெண்கள் உரிமைக்குப் பாடுபட்ட மார்கரெட் கசின்ஸ் அம்மையார், கமலாதேவியை நிக்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார். பிரச்சாரத்துக்கு இருந்ததோ கொஞ்ச நாள்தான். ஓட்டும் இன்னைக்கு மாதிரி எல்லோருக்கும் கிடையாது, சொத்து உள்ளவங்களுக்கு மட்டும்தான். ரொம்பக் குறைஞ்ச ஓட்டு வித்தியாசத்துல தோத்துப் போனாங்க. ஆனா இந்தியாவிலேயே சட்டமன்றத் தேர்தல்ல நின்ன முதல் பெண் அவங்கதான். அதுக்கடுத்து 1927-ல நம்ம முத்துலட்சுமி ரெட்டி அம்மா நியமன உறுப்பினராகச் சட்டமன்றத்துக்குள்ள போனாங்க. இன்னைக்கு ஊராட்சியில பாதி இடம் பெண்களுக்குன்னு நாம நிக்கிறோம்னா, அந்த வாசலை முதல்ல தட்டின கை கமலாதேவியோட கை.

1927-ல அகில இந்தியப் பெண்கள் மாநாடு ஆரம்பிச்சப்போ அதுக்கு அமைப்புச் செயலாளராக இருந்தாங்க. பெண் பிள்ளைகள் படிப்புக்காகவும், குழந்தைக் கல்யாணத்தை ஒழிக்கவும் நாடு முழுக்கச் சுத்தினாங்க.

1930-ல காந்தியடிகள் உப்புச் சத்தியாகிரகம் தொடங்கினார். தண்டிக்கு அவரோட நடந்த 78 பேரும் ஆம்பளைங்க. பெண்களையும் சேர்த்துக்கணும்னு கமலாதேவி நேர்ல போய்க் கேட்டாங்க. உப்பு யார் வீட்டுச் சாமான்? அடுப்படியில உப்புப் பானையைத் தொடுறது யாரு? பெண்கள் தானே. அப்புறம் பெண்கள் ஆயிரக்கணக்குல இறங்கினாங்க. பம்பாய் கடற்கரையில உப்புக் காய்ச்சி, சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி வித்தாங்க. கமலாதேவி நேரா பம்பாய் பங்குச் சந்தைக்குள்ளயே போய் உப்புப் பொட்டலம் வித்தாங்க. அதுக்காகக் கைதாகி ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஜெயில்ல இருந்தாங்க. அதுக்குப் பிறகும் பல தடவை ஜெயிலுக்குப் போய் வந்தாங்க.

நம்ம கூட்டமைப்பு மாதிரியே ஒரு கூட்டுறவு

1947-ல சுதந்திரம் வந்துச்சு. கூடவே நாடு ரெண்டாப் பிரிஞ்சு, லட்சக்கணக்கான ஜனங்க வீடு வாசலை விட்டு ஓடி வந்தாங்க. கூட இருந்த பலர் மந்திரி பதவிக்குப் போனாங்க. கமலாதேவி அகதிகள்கிட்டப் போனாங்க.

அவங்களுக்குச் சோறு போட்டுட்டே இருந்தா எத்தனை நாளைக்கு முடியும்? அவங்க கையிலயே தொழில் இருக்கணும்னு நினைச்சாங்க. 1948-ல இந்தியக் கூட்டுறவுச் சங்கம்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க. டெல்லிக்குப் பக்கத்துல ஃபரீதாபாத்ல, வடமேற்கு எல்லைப் பக்கமிருந்து வந்த அகதிகளுக்குன்னு ஒரு ஊரே எழும்புச்சு. சுமார் 50,000 பேர். வந்தவங்களே உழைச்சு வீடு கட்டினாங்க, புதுத் தொழில் கத்துக்கிட்டாங்க. கமலாதேவியும் கூட்டுறவு இயக்கத்துக்காரங்களும் அதுக்குப் பாடுபட்டாங்க.

இந்த இடத்தைப் படிச்சப்போ நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நாமளும் வாரம் பத்து ரூபாய் சந்தா போட்டு ஆரம்பிச்சவங்கதான். முதல் உள்கடன் 500 ரூபாய் வாங்கினப்போ என் கை நடுங்குச்சு. தனித்தனியா இருந்தா ஒண்ணும் நடக்காது, சேர்ந்து நின்னா பேங்க்காரரும் உட்காரச் சொல்லுவார்கிறது நமக்குத் தெரியும். அவங்க அதை எழுபது வருஷத்துக்கு முன்னாடியே செய்து காட்டியிருக்காங்க.

ஊர் ஊராத் தேடிப் போன அம்மா

அகதிகள்ல நிறையப் பேர் கைத்தொழில்காரங்க. நெசவு, மண்பாண்டம், பூ வேலைன்னு கையில வித்தை இருந்துச்சு, வாங்க ஆள் இல்லை. ஊர்ல மெஷின் சாமான் மலிவா வந்து குவியுது. கைவேலை செத்துப் போயிடும்னு பெரியவங்களே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. வளர்ற நாட்டுக்குத் தொழிற்சாலை வேணும், பானையும் கூடையும் எதுக்குன்னு நினைச்ச காலம் அது.

1952-ல அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைஞ்சப்போ கமலாதேவி அதுக்குத் தலைவியானாங்க. ஆபீஸ்ல உட்கார்ந்து கையெழுத்துப் போடல. ரயில்லயும் பஸ்லயும் ஜீப்லயும் ஊர் ஊராப் போனாங்க. எந்த ஊர்ல என்ன வேலை, அதைத் தெரிஞ்சவங்க இன்னும் எத்தனை பேர் உயிரோட இருக்காங்க, அவங்களுக்கு நூல் எங்க கிடைக்குது, சாயம் எங்க கிடைக்குதுன்னு விசாரிச்சாங்க.

திருப்பதி பக்கத்துல ஸ்ரீகாளஹஸ்தியில துணியில மூங்கில் குச்சியால ராமாயணம் எழுதுற கலம்காரி வேலை அழியிற நிலையில இருந்துச்சு. மிச்சமிருந்த பெரியவங்களை வெச்சே அங்க ஒரு பயிற்சி மையம் ஆரம்பிக்க வெச்சாங்க. இன்னைக்கு நாம கடையில கலம்காரிச் சேலை, கலம்காரி ஜாக்கெட்னு கேட்டு வாங்குறோமே, அதுக்குப் பின்னாடி இந்தக் கதை இருக்கு. ஜெய்ப்பூர்ல நீலப் பீங்கான் வேலையும் அவங்க ஆதரவாலதான் திரும்பத் தழைச்சுது.

செய்தா மட்டும் போதாது, விக்கணும் இல்லையா? டெல்லி ஜன்பத்துல இருக்கிற மத்தியக் குடிசைத் தொழில் எம்போரியத்தை அவங்களோட கூட்டுறவுச் சங்கம் எடுத்து நடத்துச்சு. இந்தியாவோட மூலை முடுக்குல செய்த சாமான் அங்க மரியாதையா அடுக்கி வெச்சிருந்துச்சு. 1964-ல உலகக் கைவினைக் கவுன்சில் தொடங்கினதுலயும் அவங்க முன்னாடி நின்னாங்க. அதே வருஷம் இந்தியக் கைவினைக் கவுன்சிலையும் ஆரம்பிச்சாங்க. அதுக்குத் தலைமையிடம் நம்ம சென்னைதான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்ட மேடை

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன்.

பாட்டுப் பாடினவங்க பெயர் தெரியும், கதை எழுதினவங்க பெயர் தெரியும். பொம்மை செய்தவர், பாய் முடைஞ்சவர், பூ வேலை போட்டவங்க பெயர் யாருக்கும் தெரியாது. சாமானைப் பார்த்தா தஞ்சாவூர்த் தட்டு, பத்தமடைப் பாய், காஞ்சிபுரம் சேலைன்னு ஊர்ப் பெயரைச் சொல்வாங்க. செய்தவங்க பெயரைக் கேட்கிற வழக்கமே கிடையாது. லாபமும் பெயரும் கடைக்காரருக்கு. கூலி மட்டும் கைக்காரங்களுக்கு.

1965-ல, கமலாதேவி வாரியத்துல இருந்த காலத்துலதான், கைவினை வல்லுநர்களுக்கான தேசிய விருது ஆரம்பமாச்சு. இது கம்பெனிக்கோ கடைக்கோ தர்ற விருது இல்லை. வேலையைத் தன் கையால செய்த ஆளுக்கு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிற விருது. தாமிரப் பட்டயம், அங்கவஸ்திரம், சான்றிதழ், கூடவே பணமும் தருவாங்க. எழுதப் படிக்கத் தெரியாத குயவரும், கைநாட்டு வைக்கிற நெசவுக்காரரும் டெல்லிக்குப் போய் நாட்டோட பெரிய தலைவர்கள் கையால வாங்கி வந்தாங்க. ஊருக்குத் திரும்பினா அந்தத் தெருவுக்கே அது ஒரு திருவிழாதான். பையன் இந்தத் தொழில் வேண்டாம், டவுன்ல வேற வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டிருந்த வீட்டுல, அப்பா வாங்கின பட்டயம் சுவத்துல தொங்கினா பையனுக்கும் ஒரு எண்ணம் வரும் இல்லையா? ஒரு விருது ஒரு தொழிலைக் காப்பாத்துறது அந்த மாதிரிதான்.

அந்த விருது இன்னைக்கும் இருக்கு. 2002-ல இருந்து அதுக்கும் மேல சில்ப் குரு விருதுன்னு ஒண்ணு கொடுக்கிறாங்க. பெண் நெசவாளர்களுக்கும் பெண் கைவினைஞர்களுக்கும் தனியா ஒரு தேசிய விருதை மத்திய அரசு 2017-ல அறிவிச்சப்போ, அதுக்குக் கமலாதேவி பெயரையே வெச்சாங்க. நம்ம மாநிலத்துலயும் பூம்புகார் நிறுவனம் மூலமா கைவினைஞர்களுக்கு விருது கொடுக்கிறாங்க. நம்மள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கு நாப்பது வயசு நெருங்கப் போகுது, போன வருஷம்தான் தெரிஞ்சுது.

குரோஷா பின்றவங்க கதை

டீச்சர் இன்னொரு விஷயமும் சொன்னாங்க. ஆந்திராவுல கோதாவரிப் பக்கம் நரசாபுரம்னு ஒரு ஊர். 19-ம் நூற்றாண்டுல அங்க வந்த வெள்ளைக்காரப் பாதிரிமார் வீட்டுக்காரங்க சொல்லிக் கொடுத்து, ஊர்ப் பெண்கள் குரோஷா லேஸ் பின்னக் கத்துக்கிட்டாங்க. அது தலைமுறை தலைமுறையா வளர்ந்து, சுத்துப்பட்டு ஊரெல்லாம் பெண்கள் திண்ணையில உட்கார்ந்து பின்னினாங்க. சரக்கு கப்பலேறி வெளிநாட்டுக்குப் போச்சு.

1970-கள் கடைசியில மரியா மீஸ்னு ஒரு ஜெர்மன்காரம்மா அங்க வந்து அந்தப் பெண்களோட நிலைமையை ஆராய்ச்சி பண்ணினாங்க. 1982-ல புத்தகமும் போட்டாங்க. அதுல அவங்க கண்டுபிடிச்சது என்னன்னா, அந்தப் பெண்கள் நாள் முழுக்கப் பின்னினாலும் அவங்களைத் தொழிலாளின்னு யாரும் கணக்குல எடுத்துக்கல. வீட்டுல சும்மா இருக்கிற பெண்கள், பொழுதுபோக்குக்குப் பின்றாங்கன்னே சொன்னாங்க. அதனால கூலியும் பொழுதுபோக்குக் கூலிதான். வியாபாரிங்க மாடி வீடு கட்டினாங்க. பின்னினவங்க கண்ணு மங்கிப் போச்சு.

இதை டீச்சர் சொன்னப்போ எங்க பயிற்சி ஹால்ல ஒருத்தரும் பேசல. எல்லோரும் அவங்கவங்க மடியில கிடந்த பின்னலைப் பார்த்துட்டு இருந்தோம். ரேஷன் கார்டு வேலைக்குப் போனப்போ, தொழில்னு கேட்ட இடத்துல நானே ஒண்ணும் இல்லைங்க, சும்மா வீட்டுல இருக்கேன்னு சொன்னவதான்.

அந்த நரசாபுரம் லேஸுக்கு 2024-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. பத்தமடைப் பாய்க்கும் மதுரை மல்லிக்கும் கிடைச்ச அதே குறியீடுதான். சந்தோஷம். ஆனா ஊருக்குப் பெயர் கிடைச்சா மட்டும் போதாது, பின்னினவளுக்கும் பெயர் வேணும். அதுக்குக் கமலாதேவி அம்மா காட்டின வழியைத்தான் பிடிக்கணும்.

கடைசி வரைக்கும் உழைப்பு

கமலாதேவிக்கும் விருதுகள் தேடி வந்துச்சு. 1955-ல பத்மபூஷண், 1966-ல ராமன் மகசேசே விருது, 1987-ல பத்மவிபூஷண். சங்கீத நாடக அகாடமியும் பெரிய கௌரவம் கொடுத்துச்சு. இந்தியக் கைவினைகளைப் பற்றியும் பூ வேலைகளைப் பற்றியும் கம்பளங்களைப் பற்றியும் புத்தகம் எழுதினாங்க. எண்பது வயசு தாண்டி, 1986-ல தன் வாழ்க்கை வரலாற்றையும் எழுதி முடிச்சாங்க. 1988-ம் ஆண்டு அக்டோபர் 29-ம் தேதி, 85 வயசுல பம்பாயில காலமானாங்க.

இதை எழுதி எங்க குழுக் கூட்டத்துல வாசிச்சேன். ஒரு அக்கா, அவங்க கலெக்டர் வீட்டுப் பொண்ணு, லண்டன்ல படிச்சவங்க, நமக்கும் அவங்களுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டாங்க. நல்ல கேள்விதான். நானும் யோசிச்சேன். படிப்பும் வசதியும் இருந்தது உண்மை. ஆனா அதே வசதி இருந்த எத்தனையோ பேர் பங்களாவுல உட்கார்ந்துட்டாங்க. இவங்க தன் படிப்பைத் தூக்கிட்டுப் போய்க் குயவர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தாங்க. தனக்குக் கிடைச்ச மரியாதையைத் தன் கூட வெச்சுக்காம, பெயர் தெரியாதவங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க. அதுவே சம்பந்தம்னு சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, சரி எழுதுன்னு சொன்னாங்க.

என் வேண்டுகோள்

கடைசியா ஒண்ணு கேட்டு முடிச்சிடுறேன்.

நம்ம கூட்டமைப்புல ஒயர் கூடை பின்றவங்க, பனை ஓலை முடையறவங்க, தையல்காரங்க, எம்ப்ராய்டரி போடுறவங்க, குரோஷா பின்றவங்கன்னு எவ்வளவோ பேர் இருக்கோம். கண்காட்சிக்கு நம்ம சாமான் போகும்போது கூட்டமைப்புப் பெயர் மட்டும்தான் அட்டையில இருக்கு. கூட்டமைப்புப் பெயர் கண்டிப்பா வேணும். அதுக்குக் கீழ, செய்தவங்க பெயரும் குழுப் பெயரும் எழுதின ஒரு சின்னச் சீட்டு கட்டினா என்ன? போன மாசக் கூட்டத்துல இதை நான் சொன்னேன். சீட்டு அச்சடிக்கிற செலவு யார் தலையிலன்னு ஒருத்தர் கேட்டாங்க. வாங்குறவங்க பெயரையா பார்ப்பாங்க, விலையைத்தானே பார்ப்பாங்கன்னு இன்னொருத்தர் சொன்னாங்க. முடிவு எடுக்காம, வர்ற பொதுக்குழுவுக்குத் தள்ளி வெச்சிருக்காங்க.

செலவுக்கு நான் கணக்குப் பார்த்துட்டேன். அச்சடிக்கவே வேண்டாம். நம்ம பிள்ளைங்க நோட்டு அட்டையை வெட்டி, கையால எழுதி, மிச்ச நூல்ல கட்டிடலாம். கூடவே வருஷத்துக்கு ஒரு தடவை, ஆண்டு விழாவுல, ஒவ்வொரு கைவேலைக்கும் நல்லா செய்த ஒரு சகோதரியை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சால்வை போர்த்தினா போதும். பெரிய பணம் வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடணும், அவ்வளவுதான். கைவினைஞர் அடையாள அட்டை இன்னும் வாங்காதவங்களுக்குக் கூட்டமைப்பே முன்னின்னு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கணும். அந்த அட்டை இருந்தாத்தான் நாம கைவினைஞர்னு அரசாங்கக் கணக்குல ஏறுவோம்.

இந்த மலரைப் படிக்கிற சகோதரிகள் பொதுக்குழுவுக்கு வரும்போது இதுக்குக் கை தூக்கணும்னு கேட்டுக்கறேன். எனக்காக இல்லை. என் விரிப்பு போனது போகட்டும், அது இப்போ யார் வீட்டு மேஜை மேல கிடக்கோ. அடுத்து பின்னப் போறவளோட மக, போட்டோவைப் பார்த்து இது உன்னோடதான்னு கேட்கிற நிலைமை வரக் கூடாது. பெயரைப் படிச்சுத் தெரிஞ்சுக்கணும்.